தராசின் இரு தட்டுகள்: உணரி வலையமைப்புகளில் ஆற்றல் சிக்கனமும் சேவைத்தரமும்

(நீண்ட பதிவு. பொறியியல் மாணவர்களுக்கும் அறிவியல் வரலாற்றில் ஆர்வமுள்ள பிற துறையினருக்கும்.)

கம்பியில்லா உணரி வலையமைப்புகள் குறித்த ஆய்வேடுகளைப் புரட்டும் எவரும் முதல் சில பக்கங்களுக்குள்ளாகவே ஒரு தொடரைச் சந்திப்பர்: ஆற்றல் சிக்கனத்துக்கும் சேவைத்தரத்துக்கும் இடையே சமநிலை காணுதல். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இத்தொடரைத் தலைப்பிலேயே ஏந்திய ஆய்வுகள் ஏராளம். தொடர் பழகிவிட்டதால் அதன் பொருளை யாரும் நின்று கேட்பதில்லை.

மொழியியல் பயின்றவர்களுக்குச் சொற்களின் பிறந்தகத்தைத் தேடும் வழக்கம் உண்டு. அவ்வாறு தேடும்போது ஒன்று புலப்படுகிறது. 'ஆற்றல்', 'சேவைத்தரம்' என்னும் இரு சொற்களும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை அல்ல. ஒன்று மின்கலத்திலிருந்து வந்தது; மற்றொன்று தொலைபேசி நிலையத்திலிருந்து வந்தது. வெவ்வேறு அலகுகளால் அளக்கப்படும் இரு பொருள்களை ஒரே தராசில் இட வேண்டுமானால், எடைக்கற்களை யாரேனும் தீர்மானித்தாக வேண்டும். அந்த எடைக்கற்களை யார், எப்போது, எவ்வாறு தீர்மானித்தார்கள் என்பதே இப்பதிவின் பொருள்.

1. தொலைபேசி நிலையத்தில் பிறந்த சொல்

சேவைத்தரம் என்னும் கருத்தின் வேர்கள் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் உள்ளன. அங்குப் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் கிராருப் எர்லாங், 1909இல் தொலைபேசி அழைப்புகளின் வருகையை நிகழ்தகவுக் கோட்பாட்டால் விளக்கினார். 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரம் நடைமுறைக் கேள்வி ஒன்றுக்கு விடை தந்தது: இத்தனை இணைப்புத் தடங்கள் இருந்தால், நூற்றில் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திருப்பி அனுப்பப்படும்? தடங்களைக் கூட்டினால் செலவு கூடும். குறைத்தால் சந்தாதாரர் சலித்துக்கொள்வார். சேவையின் தரத்தை எண்ணால் குறிக்கும் மரபு இங்கே வேர்கொண்டது.

1988இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஆலோசனைக் குழு தனது இ.800 பரிந்துரையில் சேவைத்தரத்தை வரையறுத்தது. ஒரு சேவையைப் பயன்படுத்துபவரின் நிறைவு எந்த அளவினது என்பதைத் தீர்மானிக்கும் செயல்திறன்களின் கூட்டு விளைவே சேவைத்தரம் என்பது அதன் சாரம். அளவுகோலின் மறுமுனையில் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை இவ்வரையறை வெளிப்படையாகவே ஏற்கிறது.

பின்னர் இணையம் இச்சொல்லைச் சுவீகரித்தது. 1994இல் ஒருங்கிணைந்த சேவைகள் என்ற கட்டமைப்பும் 1998இல் வேறுபடுத்திய சேவைகள் என்ற கட்டமைப்பும் முன்மொழியப்பட்டன. தரம் என்பது இப்போது நான்கு எண்களாகச் சுருங்கியது: அலைவரிசை அகலம், தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், தரவுப் பொதிகளின் இழப்பு. எர்லாங் காலம் முதல் இக்காலம் வரை ஒரு நிபந்தனை மட்டும் சொல்லப்படாமலேயே தொடர்ந்தது. தொலைபேசி நிலையத்துக்கும் இணையத் திசைவிக்கும் மின்சாரம் சுவரிலிருந்து வரும். அது தீர்ந்துபோகும் என்று யாரும் கணக்கிடவில்லை.

2. தூசித் துகளும் இரண்டு மின்கலங்களும்

உணரி வலையமைப்பின் வரலாறு பொதுவாக 1978இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த பகிர்ந்தளிக்கப்பட்ட உணரி வலையமைப்புகள் குறித்த பயிலரங்கிலிருந்து தொடங்கப்படுகிறது. அதனைத் தொடர்ந்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு நிதியளித்த ஆய்வுகளில், ஒலியைக் கொண்டு தாழப் பறக்கும் விமானங்களைத் தொடரும் கணுக்கள் வாகனங்களில் ஏற்றிச் செல்லப்பட்டன. ஓசை குறைந்த மின்னாக்கியும் உடன் சென்றது. அன்றைய உணரிக் கணு ஒரு வண்டி. ஆற்றல் அங்கே எரிபொருளின் சிக்கல்.

1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிறிஸ் பிஸ்டரும் குழுவினரும் 'ஸ்மார்ட் டஸ்ட்' திட்டத்தை முன்வைத்தபோது நிலைமை தலைகீழானது. உணரி, கணிப்பான், தொடர்புக் கருவி, ஆற்றல் மூலம் அனைத்தும் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது இலக்கு. அத்துகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மோட்'. தூசியின் நுண்துகளைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. தமிழ் விவிலியத்தில் சகோதரன் கண்ணில் உள்ள 'துரும்பு' என்று வருமிடத்தில் ஆங்கிலப் பழம்பெயர்ப்பில் நிற்பது இச்சொல்லே.

ஆனால் ஆய்வுக்கூடங்களுக்கு வந்து சேர்ந்த 'துரும்பு' அத்தனை சிறிதாக இல்லை. பெர்க்லியின் மைக்கா வகைக் கணுக்கள் இரண்டு ஏஏ மின்கலங்களைத் தாங்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தன. கருவியின் பருமனைச் சில்லு தீர்மானிக்கவில்லை; மின்கலமே தீர்மானித்தது. ஒரு துறையின் கற்பனைக்கும் அதன் கைப்பொருளுக்கும் இடையிலான தூரம் அந்த இரண்டு மின்கலங்களில் கண்கூடாகத் தெரிந்தது. ஆற்றல் சிக்கனம் இத்துறையின் முதல் அறமாக உயர்ந்தது இதனால்தான்.

3. 'ஆயுள்' என்னும் உருவகம்

2000ஆம் ஆண்டு சனவரியில் ஹவாயில் நடந்த கருத்தரங்கில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வெண்டி ஹைன்செல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவர் 'லீச்' என்னும் நெறிமுறையை வெளியிட்டனர். (பின்னிருவருள் சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர்; பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.) இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

அதன் கருத்து எளிமையானது. எல்லாக் கணுக்களும் தொலைவில் உள்ள மையநிலையத்துக்கு நேராகப் பேசினால் எல்லாம் விரைவில் தீர்ந்துபோகும். எனவே கணுக்கள் சிறு கொத்துகளாகப் பிரியட்டும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தலைமைக் கணு இருக்கட்டும். மற்றவை தம் முறை வரும்போது மட்டும் தலைமைக்கு அருகிலிருந்தே சொல்லிவிட்டு உறங்கட்டும். தலைமைக்கணு அனைத்தையும் ஒன்றாக்கி மையத்துக்கு அனுப்பும். தலைமை சுமையான பொறுப்பு. ஆகவே அது சுழல வேண்டும்.

இதற்குப் பின்னால் இருந்த ஆற்றல் கணக்கு, ஒரு பிட்டை அனுப்பவோ பெறவோ மின்னணுச் சுற்றுக்கு 50 நானோஜூல். அதனைத் தொலைவுக்கு அனுப்பும் பெருக்கிக்கு, மீட்டரில் அளந்த தொலைவின் வர்க்கத்துக்கு 100 பிக்கோஜூல் வீதம். இதன்படி 10 மீட்டர் தொலைவுக்குப் பெருக்கியின் செலவு 10 நானோஜூல்தான். 100 மீட்டருக்கோ 1,000 நானோஜூல். தொலைவு பத்து மடங்கானால் செலவு நூறு மடங்கு. கொத்தாகப் பிரிவதன் நியாயம் இந்த வர்க்கத்தில் இருக்கிறது.

இக்கட்டுரையும் அதன் வழிவந்தவையும் வெற்றியை அளந்த அலகு 'வலையமைப்பின் ஆயுள்'. கணுக்கள் 'உயிரோடு' இருக்கும், பின்னர் 'இறக்கும்'. முதல் கணு இறக்கும் வரையிலான காலத்தை ஆயுள் என்றனர் சிலர். பாதிக் கணுக்கள் இறக்கும் வரை என்றனர் வேறு சிலர். கடைசிக் கணு இறக்கும் வரை என்றோரும் உண்டு. 2009இல் இசபெல் டீட்ரிக், ஃபால்கோ டிரெஸ்லர் இருவரும் இந்த வரையறைகளைத் தொகுத்து ஆராய்ந்து ஒரு முழுக் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது.

இவ்வரையறைகள் வெறும் ஆற்றல் அளவைகள் போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சேவைத்தரக் கோட்பாடு மறைந்திருக்கிறது. முதல் கணுவின் இறப்போடு ஆயுள் முடிகிறது என்பவர், ஒரேயோர் இடத்தின் தரவு இல்லாமற்போவதையும் ஏற்க முடியாது என்கிறார். கடைசிக் கணு வரை என்பவர், ஒரு மூலையிலிருந்து மட்டும் தரவு வந்தாலும் போதும் என்கிறார். ஆற்றல் தட்டில் வைக்கப்பட்டதாக எண்ணப்பட்ட கல்லில் சேவையின் எடையும் கலந்திருந்தது. அதனை வெளிப்படையாகச் சொல்லாத வரை, ஒருவருடைய 'நீண்ட ஆயுள்' இன்னொருவருக்குப் பயனற்ற ஆயுளாக இருப்பதற்கு இடமுண்டு.

4. கேட்டுக்கொண்டிருப்பதன் விலை

2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையை ஒட்டிய கிரேட் டக் தீவில் 32 கணுக்கள் நிறுவப்பட்டன. அங்கு வளைகளில் கூடு கட்டும் ஒருவகைக் கடற்பறவையின் வாழிடத்தை, மனிதர் காலடி படாமல் கண்காணிப்பது நோக்கம். (அப்பறவையின் பெயரும் லீச்சின் புயற்பறவைதான். நெறிமுறையின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை, தற்செயலான ஒலியொப்புமை.)

இக்குழு வெளியிட்ட ஆற்றல் கணக்கு, ஒரு குடும்பத்தின் மாதாந்திர வரவு செலவு போல வெளிப்படையானது. ஒன்பது மாதங்கள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் ஒரு கணு நாளொன்றுக்கு 8.148 மில்லிஆம்பியர்-மணி மட்டுமே செலவழிக்கலாம். ஒரு பொதியை அனுப்ப 20 நானோஆம்பியர்-மணி. ரேடியோவைத் திறந்து வைத்து ஒரு மில்லிநொடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க 1.25 நானோஆம்பியர்-மணி. அதாவது 16 மில்லிநொடி காத்திருப்பது ஒரு பொதியை அனுப்புவதற்குச் சமம். நாள் முழுவதற்குமான பங்கும், யாரேனும் பேசுவார்களா என்று காது கொடுத்துக் காத்திருந்தால், ஏறத்தாழ 1 மணி 49 நிமிடங்களில் கரைந்துவிடும்.

லீச் வகைக் கணக்குகளில் முன்னின்றது, பேசுவதன் செலவு. களத்தில் தெரிந்ததோ கேட்பதன் செலவு. பின்னர் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 என்னும் ரேடியோச் சில்லில் பெறுநிலையின் மின்னோட்டம் ஏறத்தாழ 19 மில்லிஆம்பியர். முழு வலிமையில் அனுப்பும்போது 17.4 மட்டுமே. பேசுவதைவிடக் கேட்பது விலையுயர்ந்தது. 2,200 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்தோடு ஓயாமல் கேட்கும் ரேடியோ ஐந்து நாள்கூடத் தாங்காது. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால், ரேடியோவின் செலவை மட்டும் கணக்கிட, 480 நாள் வரை செல்லும்.

ஆகவே உறக்கம் ஒரு கலையாயிற்று. 2002இல் வெய் யே, ஜான் ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோரின் எஸ்-மேக் நெறிமுறை, அண்டைக் கணுக்கள் ஒன்றாக உறங்கி ஒன்றாக விழிக்கும் முறையைத் தந்தது. 2004இல் ஜோசப் போலாஸ்டர், ஜேசன் ஹில், டேவிட் கல்லர் ஆகியோரின் பி-மேக், ஒவ்வொரு கணுவும் அவ்வப்போது ஒரு கணம் மட்டும் கண் திறந்து அலையில் ஏதேனும் சலனம் உண்டா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும் முறையைத் தந்தது.

உறக்கத்துக்கு விலை தாமதம். ஒரு கணு நொடிக்கொரு முறை விழிக்கிறது என்று கொள்வோம். அதனிடம் செய்தி சேர்க்க விரும்பும் கணு சராசரியாக அரை நொடி காத்திருக்க வேண்டும். பத்துக் கணுக்களைத் தாண்டி மையத்தை அடைய ஐந்து நொடி. விழிப்பைப் பத்து நொடிக்கொரு முறை என்றாக்கினால் ஆற்றல் மிஞ்சும். ஆனால் செய்தி வந்து சேர ஐம்பது நொடியாகும். தராசு என்ற உருவகம் முதன்முறையாக மெய்யான பொருள் பெற்றது இங்கேதான். பறவைக் கூட்டின் வெப்பநிலைக்கு ஐம்பது நொடி ஒரு பொருட்டல்ல. எல்லாச் செய்திகளும் அப்படிப்பட்டவையா என்பதே அடுத்த கேள்வி.

5. சேவைத்தரம் உருமாறுகிறது

உணரி வலையமைப்புகளில் சேவைத்தரத்தை முதலில் கருதியவற்றுள் 2000ஆம் ஆண்டில் கத்தாயூன் சோராபியும் பிறரும் முன்வைத்த வழித்தேர்வு முறை ஒன்று. பாதையில் எஞ்சிய ஆற்றல், பாதையின் தரம், பொதியின் முன்னுரிமை ஆகிய மூன்றையும் சேர்த்து அது வழியைத் தேர்ந்தது. 2003இல் வந்த 'ஸ்பீட்' நெறிமுறை, வலையமைப்பெங்கும் பொதிகள் ஒரு குறைந்தபட்ச வேகத்தில் செல்வதை உறுதிசெய்ய முயன்றது. அவ்வாறாயின் தொலைவைக் கொண்டே தாமதத்தை முன்கூட்டிச் சொல்லலாம். இவை இணைய மரபின் நீட்சிகள். தாமதமும் இழப்புமே இங்கும் அலகுகள்.

அதே 2003இல் ரஞ்சித் ஐயரும் லெனார்ட் கிளைன்ராக்கும் வேறொரு திசையில் சென்றனர். இணையத்தின் கோட்பாட்டு முன்னோடிகளுள் ஒருவரான கிளைன்ராக், எர்லாங்கின் வரிசைக் கோட்பாட்டு மரபில் வந்தவர். அவ்விருவரும் சேவைத்தரத்தை இவ்வாறு எடுத்துக்கொண்டனர்: ஒரு நேரத்தில் மையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டிய உணரிகளின் உகந்த எண்ணிக்கை எத்தனையோ, அத்தனை உணரிகள் அனுப்புவதே தரம். எந்தக் கணு அனுப்புகிறது என்பது முக்கியமன்று. ஒரு கணு தீர்ந்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். கணுக்கள் ஒன்றையொன்று அறியாமலேயே, மையம் அளிக்கும் பரிசு, தண்டனை ஆகியவற்றின் நிகழ்தகவைக் கொண்டு, எண்ணிக்கை தானாக அமையும் ஒரு விளையாட்டை அவர்கள் பயன்படுத்தினர்.

இந்த மாற்றத்தின் ஆழம் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. தொலைபேசியில் ஒவ்வோர் அழைப்பும் ஒரு மனிதருடையது. ஓர் அழைப்பு இழப்பு ஒருவருக்கு இழப்பு. உணரி வலையமைப்பில் ஒரு பொதி தொலைந்தால் யாருக்கும் இழப்பில்லாமல் இருக்கலாம். பக்கத்துக் கணு அதையே சொல்லியிருக்கும். தரம் தனிப் பொதியிலிருந்து விலகி, நிகழ்வை அறியும் திறனுக்கு இடம்பெயர்ந்தது. 2004இல் டாஜி சென், பிரமோத் வர்ஷ்ணே ஆகியோரின் மதிப்பாய்வு, பயன்பாட்டின் கோணத்தில் தரம், வலையமைப்பின் கோணத்தில் தரம் என இதனை இரண்டாகப் பகுத்துக் காட்டியது. பெயர் அதுவே, பொருள் வேறு. மொழி வரலாற்றில் பொருள் மாற்றம் என்று நாம் கற்பது இதனையே.

6. உருளைக்கிழங்கும் எரிமலையும்

கணினித் திரையிலான உருவகப்படுத்தல்களில் சமநிலை எளிதில் எட்டப்பட்டது. களம் வேறு பாடம் புகட்டியது. நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு வயலின் நுண்ணிய தட்பவெப்பத்தை அளக்க நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்களோடு தொடங்கிய முயற்சியில், எதிர்பார்த்த அளவீடுகளில் 2 விழுக்காடு மட்டுமே கிட்டியது. 2006இல் கூன் லாங்கென்டோன் குழுவினர் அத்தோல்வியை மறைக்காமல் ஒரு கட்டுரையாகவே எழுதினர். இத்துறையின் நேர்மையான ஆவணங்களுள் அது ஒன்று.

2005 ஆகஸ்டில் ஈக்குவடோர் நாட்டின் ரெவென்டடோர் எரிமலையில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 16 கணுக்களை நிறுவி 19 நாள் இயக்கினர். எரிமலையியலாளருக்கு நொடிக்கு 100 முறை அளந்த நில அதிர்வுத் தரவு தேவை. அனைத்தையும் அனுப்ப ரேடியோவுக்கு வலுவில்லை. எனவே கணுக்கள் தமக்குள் சேமித்து, பல கணுக்கள் ஒருசேர அதிர்வை உணர்ந்தால் மட்டும் மையம் அந்தப் பகுதியைக் கேட்டுப் பெற்றது. 2006இல் வெளியான அவர்களது கட்டுரையின் தலைப்பில் நின்ற இரு சொற்கள் நம்பகமும் விளைச்சலும். எவ்வளவு தரவு கிடைத்தது என்பது விளைச்சல். கிடைத்தது அறிவியலுக்குத் தகுதியானதா என்பது நம்பகம். நேர ஒத்திசைவு பிழைத்தபோது, பழுதின்றி வந்து சேர்ந்த பொதிகளும் பயனற்றுப்போகும் நிலை ஏற்பட்டது. அவற்றின் நேரமுத்திரைகளைப் பின்னர் கணக்கிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. தாமதம், இழப்பு என்னும் பழைய அலகுகளால் இதனை அளக்க இயலாது. எடைக்கல்லை இங்கே எரிமலையியலாளர் தந்தார்.

7. இந்திய மண்ணில் மூன்று விடைகள்

இந்தியாவில் நடந்த மூன்று முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இக்கருத்து இன்னும் தெளிவாகும்.

முதலாவது, கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டம் பாவகடா வட்டத்தில் உள்ள சென்னகேசவபுரம். வானம் பார்த்த நிலக்கடலைச் சாகுபடி நடக்கும் வறண்ட பகுதி. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். நிறுவனமும் இணைந்து 2004 முதல் 'காமன்-சென்ஸ் நெட்' என்னும் திட்டத்தை இங்கு நடத்தின. மண்ணின் ஈரம் மெதுவாக மாறுவது. அதன் அளவீடு சில மணி நேரம் தாமதமாக வந்தால் பயிருக்குக் கேடில்லை. எனவே கணுக்கள் தாராளமாக உறங்கலாம். ஆனால் காய் பிடிக்கும் பருவத்தில் இரண்டு வாரத் தரவு இல்லாமற்போனால் அந்த ஆண்டின் பதிவே வீண். இங்குத் தரம் என்பது விரைவைக் குறிக்கவில்லை; பருவம் முழுதும் விடாத தொடர்ச்சியைக் குறித்தது. சிறு குறு உழவர் கேட்டதும் எண்களின் பட்டியலை அன்று. அடுத்து என்ன செய்யலாம் என்ற முடிவுக்கு உதவும் முன்கணிப்பை.

இரண்டாவது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் காமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன் ஆகியோர் குழுவாக உருவாக்கி 2008இல் வெளியிட்ட 'பிரைமான்'. பழைய ரயில்வே பாலங்களின் நலத்தைக் கண்காணிப்பது அதன் நோக்கம். பாலத்தின் அதிர்வு ரயில் செல்லும்போது மட்டுமே பொருளுடையது. எனவே கணுக்கள் உறங்கும், வரும் ரயிலை முன்கூட்டியே உணர்ந்து விழிக்கும், அளக்கும், சேர்த்த தரவை நகரும் ரயிலில் பொருத்தப்பட்ட பெறுகருவியிடம் ஒப்படைக்கும். ஆளரவமற்ற பாலத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லை என்ற குறையை, எப்படியும் அவ்வழி வந்துதீரும் ரயிலைக் கொண்டே நிரப்பிய வடிவமைப்பு அது. முன்மாதிரியாகவே நின்றபோதிலும் அதன் சிந்தனை தெளிவானது. தரவு மையத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேரலாம். ஆனால் ரயில் பாலத்தின் மேல் ஏறும் கணத்தில் ஒரு கணுவும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

அதே 2008இல் செப்ரோலு, ராமன் இருவரும் எழுதிய விமர்சனக் கட்டுரை குறிப்பிடத்தக்கது. அதன் தலைப்பு உணரி என்ற ஆங்கிலச் சொல்லின் இடத்தில் தணிக்கை என்ற பொருள்தரும் சொல்லை வைத்து விளையாடியது. (தமிழில் எழுதினால் இரண்டுமே 'சென்சார்' என்றாகிவிடும், சிலேடை நமக்கு எழுத்திலேயே வாய்த்துவிடுகிறது.) குறிப்பிட்ட பயன்பாடு எதனையும் மனத்தில் கொள்ளாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான நெறிமுறை என்ற பெயரில் எதற்கும் பொருந்தாதவை குவிகின்றன என்பது அவர்களது குற்றச்சாட்டின் சாரம். இன்றும் நம் ஆய்வரங்குகளில் அக்கட்டுரை படிக்கப்பட வேண்டியது என்பது என் கருத்து.

மூன்றாவது, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் மூணாறில் உள்ள அந்தோனியார் காலனி. நிலச்சரிவு அபாயமுள்ள அச்சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா ரமேஷும் குழுவினரும் 2008-09இல் சுமார் 20 கம்பியில்லாக் கணுக்களைக் கொண்ட வலையமைப்பை நிறுவினர். ஆழத் துளையிட்டு இறக்கிய குழாய்களில் மண்ணின் ஈரம், துளைநீர் அழுத்தம், சாய்வு ஆகியவற்றை அளக்கும் உணரிகள் பொருத்தப்பட்டன. தரவு செயற்கைக்கோள் வழியாக அமிர்தபுரி வளாகத்தை அடைந்தது. கோடையில் கணுக்கள் அரிதாக அளந்தால் போதும். மழை வலுத்து, அளவீடுகள் வரம்பைத் தாண்டும்போது அளக்கும் வேகம் கூட வேண்டும். அதாவது சமநிலைப் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் மழையோடு நகர்கிறது. இதில் இயற்கை வைத்த ஒரு கொடிய முரணும் உண்டு. அதிக ஆற்றல் தேவைப்படும் அந்த நாள்களில்தான் மேகம் மூடிச் சூரிய மின்தகடு ஓய்ந்திருக்கும், மின்கம்பிகள் அறுந்திருக்கும்.

நிலக்கடலை வயலில் மணிக்கணக்கான தாமதம் தாங்கக்கூடியது. மூணாறுச் சரிவில் நிமிடங்கள் உயிர்கள். ஒரே வகைக் கணு, ஒரே வகை மின்கலம். தராசு மட்டும் ஒன்றல்ல.

8. எதிரிகள்தாமா?

பின்வந்த ஆண்டுகள் இரண்டு வகையில் இவ்வரலாற்றை நகர்த்தின. பிஸ்டர் நிறுவிய டஸ்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வளர்ந்த நேர ஒழுங்குமுறை, 2007இல் வயர்லெஸ்ஹார்ட் தரத்திலும் 2012இல் ஐ.இ.இ.இ. 802.15.4இ தரத்திலும் இடம்பெற்றது. ஒவ்வோர் இணைக்கும் எந்த நேரத் துண்டில், எந்த அலைவரிசையில் பேசுவது என்று முன்கூட்டியே பங்கிடப்படுகிறது. மோதல் குறைவதால் மறுபடி அனுப்புவது குறைகிறது. தன் முறை தெரிந்திருப்பதால் வீணே கேட்பதும் குறைகிறது. நம்பகமும் சிக்கனமும் ஒருசேர உயர்ந்தன. இரண்டும் எப்போதும் எதிரிகள் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது. விலை வேறிடத்தில் செலுத்தப்பட்டது: எல்லாக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும், திட்டமிடாத அவசரச் செய்திக்கு இடம் குறைவு.

2015இல் வந்த லோராவான் தரமோ சமநிலையைத் தேடும் பொறுப்பைப் பயனரிடமே விட்டது. 'ஏ' வகைக் கருவி தான் பேசிய பின் சிறிது நேரம் மட்டும் கேட்கும்; 'பி' வகை குறித்த நேரங்களில் கேட்கும்; 'சி' வகை ஏறத்தாழ எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். பதினைந்து ஆண்டுக் கால விவாதம் மூன்று எழுத்துகளில் அடங்கியது.

ஆனால் எந்தத் தரமும் விடை சொல்லாத கேள்வி ஒன்று எஞ்சியுள்ளது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, அதே மூணாறுப் பகுதியின் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தலைமுறைகளாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்த அந்த இடத்திலிருந்து செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். அந்தோனியார் காலனியின் வலையமைப்பு ஒரு சரிவைக் காத்தது. மலைத்தொடரில் சரிவுகள் பல. நம் சமன்பாடுகளில் தாமதம் உண்டு, இழப்பு உண்டு, கணுவின் ஆயுள் உண்டு. எந்தச் சரிவில் கணுவே இல்லை என்பதற்கான குறியீடு இல்லை. எர்லாங்கின் சூத்திரமும் சந்தாதாரர்களின் அழைப்புகளை மட்டுமே எண்ணியது. இணைப்பே இல்லாதவர் அதன் கணக்கில் வருவதில்லை.

சமநிலை என்ற சொல்லைத் தலைப்பில் எழுதவிருக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளை முதல் இயலிலேயே எழுதி விடை காண்பது நன்று. இந்த வலையமைப்பின் பயனர் யார்? அவருக்குத் தாங்கக்கூடிய தாமதமும் இழப்பும் எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டோமா? ஆயுள் என்று நாம் எழுதும்போது யாருக்குப் பயன்படும் ஆயுளைச் சொல்கிறோம்? இம்மூன்றுக்கும் விடை இல்லாத ஆய்வேட்டில் 15 விழுக்காடு ஆற்றல் மிச்சம் என்று வரைபடம் காட்டினாலும், எதற்கு எதிராக மிச்சம் என்பது தெரியாமலேயே போய்விடும்.

தராசு நேராக நிற்பது மட்டும் போதாது. கற்கள் யாருடையவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். களப்பணி செய்தவர்களும் நெறிமுறை வடிவமைப்போரும் தங்கள் மாற்றுக் கருத்துகளை இங்கே எழுதினால் மகிழ்வேன்.